புதுப்பிப்பு: பொண்ணுக்கு டேப்லெட்டா லேப்டாப்பா – வாங்கியாச்சு

25,000 பட்ஜெட்ல 7-வது படிக்கிற பொண்ணுக்கு எது வாங்கலாம்னு இங்க கேட்டிருந்தேன்ல, பதில் போட்ட எல்லாருக்கும் நன்றிங்க.

கடைசியில செகண்ட் ஹேண்ட் லேப்டாப் தான். அவ ஸ்க்ராட்ச்ல (பசங்க கோடிங் கத்துக்கிற சாஃப்ட்வேர்) கேம் பண்றா, ஸ்கூல்ல பிபிடி கேக்குறாங்க, கீபோர்டு மவுஸ் இல்லாம அதெல்லாம் ஆகாத காரியம். அந்த விலைக்குப் புதுசா காட்டினது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (மெதுவான ஒரு வகை ஸ்டோரேஜ்), விண்டோஸ் அப்டேட்டே பாதி இடத்த முழுங்கிடும்.

கடைக்காரர் முதல்ல பளபளன்னு ஒரு 6-வது ஜெனரேஷன் ஐ5 (இன்டெல் பிராசஸர்) லேப்டாப் எடுத்து வச்சு "விண்டோஸ் 11 போட்டே தரேன் சார்"னார். இன்டெல்ல பெரும்பாலும் 8-வது ஜெனரேஷன்ல இருந்து தான் 11-க்கு சப்போர்ட், விண்டோஸ் 10-க்கோ சப்போர்ட்டே 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு, அதனால வேணாம்னுட்டு 8-வது ஜெனரேஷன், 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான ஸ்டோரேஜ்) எடுத்தோம்.

ஒருத்தர் சொன்ன பவர்சிஎஃப்ஜி பேட்டரி ரிப்போர்ட் கமாண்டை (பேட்டரி எவ்ளோ தேஞ்சிருக்குன்னு விண்டோஸே காட்டும்) கடையிலயே போட்டுப் பாத்தேன், டிசைன் கெப்பாசிட்டி (புதுசுல இருந்தது) 48,000, ஃபுல் சார்ஜ் (இப்ப தாங்குறது) 31,000 மில்லிவாட் ஹவர் தான். அதைக் காட்டினதும் மறுபேச்சு இல்லாம வேற பேட்டரி மாட்டிக் குடுத்தார் (டீ கூட வந்துச்சு).

இப்ப மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டில (பெத்தவங்க கண்ட்ரோல் வைக்கிற ஆப்) டைம் லிமிட் வச்சிருக்கேன். வெப் ஃபில்டர் எட்ஜ் பிரவுசர்ல மட்டும் தான் வேலை செய்யும், மேடம் குரோம் வேணும்னு இப்பவே மனு குடுத்தாச்சு.