நாய்க்கு மாம்பழம், திராட்சை எல்லாம் குடுக்கலாமா?

மாடிவீட்டு டைகர்:
எங்க லேப்ரடார் (லேப்) பையன் டைகர், வயசு 2, மாம்பழ சீசன் வந்ததுல இருந்து யாரு கத்திய கையில எடுத்தாலும் ஓடி வந்து காலடியில உக்காந்துக்கறான், ரெண்டு துண்டு போடாம சாப்பிடவே விடமாட்டேங்கறான். இது ஓகேவா? அப்புறம் எங்க அத்தை சக்கரை பொங்கல்ல இருக்கற திராட்சைய பொறுக்கி அவனுக்கு போடறாங்க, சொன்னா "பழம்தானேம்மா"ங்கறாங்க.

சிப்பிப்பாறை ரசிகன்:
மாம்பழ சதை ஓகே, தோல் வேணாம், கொட்டைய மட்டும் கண்ணுல கூட காட்டாதீங்க. சப்பிட்டே இருக்கும்போது டக்குனு முழுங்கிரும், குடல்ல அடைச்சா ஆபரேஷன்தான். பப்பாளி, தர்பூசணி, சப்போட்டா விதை எடுத்துட்டு குடுக்கலாம், ஆப்பிள்லயும் விதைய எடுத்துருங்க. இந்த மாதிரி நொறுக்குத்தீனி எல்லாம் சேர்த்து ஒரு நாள் கலோரில 10 சதவீதம் தாண்டக்கூடாதும்பாங்க, ஒரு வாழைப்பழமே கிட்டத்தட்ட 100 கலோரி வரும், லேப்னா சொல்லவே வேணாம் பாத்துட்டு இருக்கும்போதே குண்டாயிரும்.

தெருநாய் அக்கா:
மாம்பழத்த விடுங்க, அந்த திராட்சைய முதல்ல நிறுத்துங்க!! பச்சையோ கருப்போ உலர்ந்ததோ, எல்லாமே நாய்க்கு கிட்னிய அடிக்கும். இவ்ளோ வரைக்கும் சேஃப்னு ஒரு அளவே கிடையாது, ஒரு நாய் தின்னுட்டு ஜம்முனு சுத்தும், இன்னொன்னு கொஞ்சம் தின்னதுக்கே படுத்துரும். அதுல இருக்கற டார்டாரிக் ஆசிட்தான் காரணமா இருக்கும்னு 2021ல அமெரிக்காவுல ஏஎஸ்பிசிஏங்கற விலங்கு நல அமைப்போட விஷமுறிவு மைய டாக்டருங்க எழுதினாங்க. நம்ம புளியிலயும் அதே ஆசிட் நிறைய இருக்கு, அதனால புளிசாதம் மிச்சம் ஆச்சுன்னா நாய்க்கு வைக்கற பழக்கத்தையும் விட்ருங்க. பாயாசம், கேசரி, பிளம் கேக் எல்லாத்துலயும் திராட்சை ஒளிஞ்சிருக்கும், பண்டிகை நாள்ல உஷாரா இருங்க.

மாடிவீட்டு டைகர்:
ஐயோ அக்கா, இன்னிக்கு காலையில கூட போட்டாங்க, ஆனா நல்லாதான் விளையாடறான். உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கவா?

தெருநாய் அக்கா:
உப்புத்தண்ணி வேணவே வேணாம்மா, ரத்தத்துல சோடியம் ஏறி அதுவே உயிருக்கு ஆபத்தாயிரும். விளையாடறான்னு விட்றாதீங்க, வாந்தி, சோர்வு எல்லாம் மெதுவாதான் தெரியும், கிட்னி அடிவாங்குறது ஒண்ணுல இருந்து மூணு நாள்ல கூட வெளிய வரும். இப்பவே டாக்டருக்கு போன் போட்டு எத்தனை மணிக்கு, தோராயமா எவ்ளோ தின்னான், வெயிட் எவ்ளோன்னு சொல்லுங்க. வாந்தி எடுக்க வைக்கறதா, டிரிப்ஸ் போடறதான்னு அவங்க பாத்துப்பாங்க, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் எடுக்க சொன்னா தள்ளிப்போடாதீங்க. ஒன்னுக்கு கம்மியா போறானான்னும் கவனிங்க.

மாடிவீட்டு டைகர்:
போன் பண்ணிட்டேன், உடனே கூட்டிட்டு வர சொல்லிட்டாங்க, கிளம்பிட்டோம். அத்தைதான் முதல்ல ஆட்டோல ஏறி உக்காந்திருக்காங்க.