புதுப்பிப்பு: மழைக்காலத்தில் ஆரஞ்சுத் தோல் காயவைத்தல் (கடலூர்)

பொடியாக்குவதற்காகக் காயவைக்கும் ஆரஞ்சுத் தோல்கள் ஐப்பசி மழையில் காயாமல் பூசணம் பிடிப்பதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. உட்புற வெள்ளைச் சதையைக் கரண்டியால் வழித்தெடுத்து, தோலை மெல்லிய கீற்றுகளாக நறுக்கச் சொன்னவரின் யோசனையே பலித்தது. ஈரத்தைப் பிடித்துவைப்பது அந்தச் சதைதான் என்பதால், அது நீங்கியதும், முறத்தில் பரப்பி மின்விசிறியடியில் வைத்த கீற்றுகள் கடலூரின் கடற்காற்றிலும் ஒடித்தால் முறியும் பதத்துக்கு வந்துவிட்டன. மொட்டைமாடியில் காயவைக்கலாம் என்ற யோசனை மழை விட்ட நாட்களுக்கு மட்டுமே உதவும். கடும் வெயிலில் வாசனையும் குறைகிறது. நான் எதிர்பாராதது, இதேபோல் காயவைத்த சாத்துக்குடித் தோலின் பொடி தேநீரில் மிகவும் கசந்ததுதான். அதைப் பாசிப்பயற்று மாவுடன் குளியல் பொடியில் சேர்த்துவிட்டேன். அரைத்த பொடி விரைவில் ஈரத்தை இழுத்துக் கட்டிபடுவதால், கீற்றுகளாகவே கண்ணாடிப் புட்டியில் அடைத்துவைத்து, வேண்டும்போது அரைத்துக்கொள்கிறேன்.