பழைய 787 விலைக்கு வந்தால் எங்கே தட்டிப் பார்ப்பது?

திரியைத் தொடங்கியவர்
போயிங் 787 ட்ரீம்லைனர் விமானம் முதன்முதலில் பயணிகளை ஏற்றியது 2011 அக்டோபரில், ஜப்பானின் ஏஎன்ஏ விமான நிறுவனத்தில். அந்தக் காலத்து 787-8கள் 12 வருடப் பெரிய சோதனையைத் தாண்டி, குத்தகை முடிந்து, கைமாறும் வயதுக்கு வந்துவிட்டன. தொட்டு வேலை பார்க்கிறவர்கள் கண்டதை எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். எதைப் பார்க்கணும், ஏன் பார்க்கணும், அவ்வளவுதான்.

பாடி வேலைக்காரர்
கதவைச் சுற்றி ஆரம்பியுங்கள். எடையில் பாதி கார்பன் இழை, அலுமினியம் ஐந்தில் ஒரு பங்குதான். அலுமினியத் தோலில் சரக்கு ஏற்றும் லோடர் வண்டி இடித்தால் சொட்டை விழும், தூரத்திலிருந்தே தெரியும். கார்பன் அப்படியில்லை. உள்வாங்கிவிட்டுத் திரும்ப நிமிர்ந்துகொள்ளும். வெளியே பெயிண்டில் ஒரு கீறல், உள்ளே அடுக்கு அடுக்காகப் பிரிந்து கிடக்கும். கேட்டரிங் வண்டியும் சரக்கு லோடரும் தினமும் உரசும் இடம் என்பதால் கதவோரத் தோலைத் தடிமனாகவே செய்திருக்கிறார்கள். ஆனாலும் கீறல் கண்ட இடத்தில் ஒலி அலையால் உள்ளே பார்க்கும் அல்ட்ராசோனிக் கருவி வைக்காமல் நகரக் கூடாது. காசால் தட்டி 'டொக்' கேட்கும் பழைய வித்தை ஃபேரிங் (காற்று வழுக்கிப் போக மாட்டும் மேல்மூடி) மாதிரி மெல்லிய தேன்கூட்டுப் பாகங்களுக்குச் சரி. உடல் தோலின் தடிமனுக்கு அது ஒன்றும் சொல்லாது.

ஒட்டுப் போட்ட பாடி என்றதும் பயந்து ஓட வேண்டாம். 2013 ஜூலையில் ஹீத்ரோவில் நின்றிருந்த எத்தியோப்பியன் 787-க்குப் பின்பக்கக் கூரை எரிந்தது. அவசர டிரான்ஸ்மிட்டரின் லித்தியம் பேட்டரி ஒயர் மூடிக்கடியில் நசுங்கியதுதான் காரணம். கூரையைச் சரிசெய்து அதே வருடக் கடைசியில் மறுபடி பறக்க விட்டார்கள். ரிப்பேர் இருப்பது பிரச்சினை இல்லை. வரைபடமும் ஒப்புதல் தாளும் இல்லாத ரிப்பேர்தான் பிரச்சினை.

இன்னொன்று, உடல் துண்டுகள் சேரும் இடம். அங்கே இடைவெளி 0.13 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து நிரப்ப வேண்டும். அதில் குறை கண்டுபிடித்துத்தான் டெலிவரியை நிறுத்தி, 2022 ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள். ஃபைலில் அந்த ஆய்வு பற்றித் தாள் இருக்கிறதா என்று பாருங்கள்.

எலக்ட்ரிகல்
இது பறக்கும் பவர் ஹவுஸ். ஒரு எஞ்சினுக்கு இரண்டு ஜெனரேட்டர், ஆக நான்கு, ஒவ்வொன்றும் 250 கேவிஏ (மின் திறனின் அளவு). வாலில் இருக்கும் சின்னத் துணை எஞ்சினான ஏபியுவில் இன்னும் இரண்டு, தலா 225. மொத்தம் 1,450 கேவிஏ. கேபின் காற்றை எஞ்சினிலிருந்து உருவுவதில்லை, வயிற்றுப் பக்கத்து நான்கு மின் கம்ப்ரசர்கள் வெளிக்காற்றை அழுத்தி அனுப்புகின்றன. பிரேக்கும் மின்சாரம், இறக்கையில் பனி உருக்குவதும் மின் ஹீட்டர் விரிப்பு. "சூடான காற்றுக் குழாயே கிடையாது" என்று சொல்லித் திரிகிறார்கள். தப்பு. எஞ்சின் முகப்பில் பனி உருக்க இன்றும் எஞ்சின் காற்றுதான்.

ஏபியு படுத்துவிட்டால் மற்ற விமானத்துக்கு, காற்றடித்து எஞ்சினைச் சுழற்றும் ஏர் ஸ்டார்ட் வண்டியைக் கூப்பிடுவோம். இதற்கு அது உதவாது. எஞ்சின் ஜெனரேட்டர்களே ஸ்டார்ட்டர் என்பதால் 90 கேவிஏ தரை மின் இணைப்பு ஒன்றுக்கு மேல் வேண்டும். சின்ன விமான நிலையத்துக்கு ஓட்ட நினைப்பவர் முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

சாஃப்ட்வேர் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். ஜெனரேட்டர் கண்ட்ரோல் யூனிட் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் உள்ளே ஓடும் எண்ணி நிரம்பி வழியும். நூறில் ஒரு பங்கு நொடியை எண்ணிக்கொண்டே போய், எண்ணி தாங்கும் உச்சமான 2,147,483,647-ஐத் தொட்டால் கணக்கு அதே 248 நாள்தான். எஞ்சின் ஜெனரேட்டர்களின் நான்கு யூனிட்டும் ஒரே நேரத்தில் முடங்கக்கூடும் என்று 2015-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ உத்தரவே போட்டது. பேட்டரி விஷயம் எல்லோருக்கும் தெரியும்: 2013 ஜனவரியில் பாஸ்டனில் பேட்டரி எரிந்தது, பிறகு ஜப்பானின் தகமாட்சுவில் புகை, அதன் பிறகு உலகம் முழுக்க 787கள் தரையில். தீர்வு ஒரு எஃகுப் பெட்டி, புகையை நேரே வெளியே விட ஒரு குழாய். அந்த மாற்றம் ஏறியதற்கான தாள் முக்கியம்.

எஞ்சின் ஷாப்
அண்ணன்கள் பாடியையும் ஒயரையும் பார்த்துக்கொண்டிருங்கள், காசு இறக்கைக்கடியில் தொங்குகிறது. இதில் இருப்பது ஜிஇ நிறுவனத்தின் ஜிஇஎன்எக்ஸ் எஞ்சின் அல்லது ரோல்ஸ் ராய்ஸின் ட்ரென்ட் 1000. ட்ரென்ட் என்றால் இடைநிலை டர்பைன் பிளேடில் கந்தக அரிப்பு, இடைநிலை கம்ப்ரசர் பிளேடில் விரிசல். இரண்டுக்கும் திருத்திய பிளேடு ஏறியாச்சா, எத்தனை சைக்கிள் (ஏறி இறங்கிய தடவை) ஓடியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். எஞ்சினுக்குள் நுழைக்கும் கேமராவான போரஸ்கோப்பின் வீடியோவை விற்கிறவர் கொடுத்தால் மட்டும் போதாது, உங்கள் ஆளை வைத்து மறுபடி பாருங்கள். பிளேடுகளைத் தாங்கும், ஆயுள் வரம்புள்ள டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் பிறந்த நாளிலிருந்து தாள் வேண்டும். நடுவில் ஒரு ஆறு மாதக் கணக்கு காணோம் என்றால் அந்த டிஸ்க் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும், பளபளப்பாக இருந்தாலும்.

கேபின்
சுருக்கமாக. 6,000 அடி உயரத்துக்கான அழுத்தம் உண்மையிலேயே உடம்புக்குத் தெரியும், மற்ற விமானங்களில் வழக்கமானது 8,000. ஜன்னல் 27-க்கு 47 சென்டிமீட்டர், திரை கிடையாது, பட்டனை அழுத்தினால் கண்ணாடியே மெதுவாகக் கறுக்கும். பழைய வகை முழுக்கக் கறுத்தாலும் வெயில் நீலமாக உள்ளே தெரியும். ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள், ஒன்றிரண்டு பாதியிலேயே நிற்கும். வரிசைக்கு ஒன்பது இருக்கை என்றால் அகலம் 17 அங்குலச் சொச்சம்தான். ஜப்பான் ஏர்லைன்ஸ் சர்வதேசப் பயணத்துக்கு எட்டே போடுகிறது, அதுதான் நியாயமான கணக்கு.

திரியைத் தொடங்கியவர்
மெக்சிகோ அதிபர் விமானம் அத்தனை வருடம் விலை போகாமல் கிடந்ததே, அது எதனால்?

கேபின்
அது ஆறாவதாகக் கட்டிய 787. ஆரம்பத்தில் கட்டியவை எல்லாமே எடை கூடுதல், அதனால் தூரம் குறைவு. உள்ளே 80 பேருக்குத்தான் இடம். 2018 டிசம்பரில் விற்பனைக்கு வைத்தார்கள். கலிஃபோர்னியா விக்டர்வில் பாலைவனத்தில் நின்றது, 2020-ல் 500 பெசோ டிக்கெட் போட்டுக் குலுக்கல்கூட நடந்தது. பரிசு ரொக்கம்தான், விமானம் இல்லை! கடைசியில் 2023-ல் தஜிகிஸ்தான் அரசு சுமார் 92 மில்லியன் டாலருக்கு வாங்கியது. மெக்சிகோ வாங்கியபோது 218 மில்லியன்.

ஏர்லைன்காரர்கள் ஏன் தொடவில்லை என்றால், சீட்டைக் கழற்றிப் புதுசு மாட்டுவதோடு வேலை முடியாது. ஆக்சிஜன் பெட்டி, கழிப்பறைக் குழாய், சாப்பாடு தயாரிக்கும் கேலி (galley), ஒயரிங் எல்லாம் இடம் மாறணும், ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் எடுக்கணும். அந்தச் செலவோடு எடையையும் கூட்டினால், சாதாரண 787-8 ஒன்றைப் பிடிப்பது மலிவு.