ஸ்பீக்கருக்குக் கீழே ஆணியா, ரப்பரா?

தேக்குவீட்டான்: பித்தளைக் கூர் ஆணி வைத்தால் ஸ்பீக்கர் அதிர்வு தரைக்குப் போகாது என்று நேற்று ஒரு மேதை எழுதியிருந்தார். பர்மாவின் மோல்மீன் ஊரில் என் வீடு முழுக்கப் பலகைத் தளம். ஆணி வைத்ததும் அலமாரிக் கண்ணாடி கடகடவென்று ஆடுகிறது. ஆணி பெட்டியைத் தரையிலிருந்து பிரிக்காது ஐயா, தரையோடு சேர்த்துக் கட்டும்.

ரங்கூன்பித்தன்: அந்த மேதை நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். ஊசிமுனை அகலத்தில் அதிர்வு எப்படி இறங்கும்?

தேக்குவீட்டான்: முனை சிறுத்தால் அழுத்தம் கூடும், பிடி இறுகும். விரிப்பைத் துளைத்துக்கொண்டு பெட்டி ஆடாமல் நிற்கத்தான் ஆணி. பிரிக்காது.

மாடிவீடு: அண்ணே, நான் ரப்பர் வைத்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

தேக்குவீட்டான்: நாற்காலிக்கால் ரப்பராக இருக்கும். பாரத்தில் அமுங்காத ரப்பர் இருந்தும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 1 மில்லிமீட்டர் அமுங்கினால் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம், நொடிக்குச் சுமார் 16 தடவை (16 ஹெர்ட்ஸ்). ஸ்பீக்கரின் அதிர்வு அதைப்போல் 1.4 மடங்கு, அதாவது 22 ஹெர்ட்ஸ் தாண்டினால்தான் பிரிக்கத் தொடங்கும். 16-ஐ ஒட்டி அதிர்வைக் கூட்டவே செய்யும். ரப்பரில் இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் மேலே போகும்.

ரங்கூன்பித்தன்: கணக்கு வாத்தியார் வந்துவிட்டார். ஆணி வைத்ததும் பேஸ் (தாழ்ந்த ஒலி) இறுகியதை என் காது கேட்டது.

தேக்குவீட்டான்: உங்களுடையது சிமெண்ட் தளம், அது எங்கே அதிரப்போகிறது? ஆணி மாட்டும் சாக்கில் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தியிருப்பீர்கள். அதற்கே பேஸ் மாறும். ஆணி பிரிக்காது.

ரங்கூன்பித்தன்: நகர்த்தவே இல்லை! போன வருஷம் நீங்கள் என் தலையில் கட்டிய ரெக்கார்ட் பிளேயரின் பெல்ட் ஒரே மாதத்தில் அறுந்ததே, அதற்கும் ஆணிதான் காரணமா?

தேக்குவீட்டான்: வெயில் விழுகிற ஜன்னலோரம் வைத்தால் எந்த பெல்ட்டும் அறும். அப்போதே சொன்னேன்.

ரங்கூன்பித்தன்: சொல்லவில்லை.

மோன்ரப்பர்: எங்கள் தோட்டத்தில் புகையூட்டிய ரப்பர் ஷீட் கிடக்கிறது. நாலு துண்டு வெட்டிக் கீழே அடுக்கினால் போதாதா?

தேக்குவீட்டான்: போதாது தம்பி. கந்தகம் சேர்த்துச் சூட்டில் பதப்படுத்தாத ரப்பர் பாரம் தாங்காமல் நாளடைவில் பிதுங்கும், பிசுபிசுத்துத் தரையில் ஒட்டும்.

மாடிவீடு: கரண்ட் எப்போது போகும் என்றே தெரியாத ஊரில் ஆணியாம், ரப்பராம்.

ரங்கூன்பித்தன்: ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களும் இருக்கிறோம்.

மாடிவீடு: தெரியுமே. அந்தச் சத்தத்தில்தானே பேஸ் இறுகியது?

ரங்கூன்பித்தன்: ஜெனரேட்டர் மொட்டைமாடியில் இருக்கிறது. பெல்ட்டுக்குப் பதில் வரட்டும், அப்புறம் ஆணியைப் பேசலாம்.

தேக்குவீட்டான்: பெல்ட்டை விடுங்கள். ஆணி பிரிக்குமா, பிரிக்காதா? அதைச் சொல்லுங்கள்.

மோன்ரப்பர்: சரி, பதப்படுத்திய ரப்பர் ரங்கூனில் எந்தக் கடையில் கிடைக்கும்?