உச்சிக்குழி குழிஞ்சா?

கொழிஞ்சாம்பாறை நர்ஸ்:
வணக்கமுங்க. அங்கன்வாடியில ஒட்டுற மலையாள நோட்டீசைத் தமிழ்ல எழுதிட்டிருக்கேன், காலைல அச்சுக்குப் போகணும். அதுல 'பதப்பு'ன்னு வருது, கைக்கொழந்தை மண்டையில எலும்பு இன்னும் சேராம மெத்துன்னு இருக்கற எடம். நாம உச்சிக்குழின்னுதான் சொல்றோம், ஆனா எழுதிப் பாத்தா "உச்சிக்குழி குழிஞ்சிருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க"ன்னு ஆகுது. பேர்லயே குழி இருக்கு, குழிஞ்சிருக்கறதுதான் சரின்னு ஒரு அம்மா நெனைச்சுட்டா? வயித்தால போயி ஒடம்புல தண்ணி வத்துற கொழந்தைக்கு அப்படி ஆகும், வெளையாட்டில்லீங்க.

கோயமுத்தூர் ஐடி தம்பி:
மென்பொருள் மாதிரி மென்னுச்சின்னு போட்டுடலாமே அக்கா.

சித்தூர் புலவர்:
தம்பி, மென்பொருள்ல பின்னால வல்லினம். உயிர் வந்தா மெல்லிசை, மெல்லடி. தனிக்குறில் முன் ஒற்று இரட்டும்னு நன்னூல் சொல்லுது, அதனால மெல்லுச்சி. அப்புறம் 'பதப்பு' மலையாளம்னு யாரும் ஒதுக்கிடாதீங்க, அது நம்ம பதைப்பு, துடிக்கிற எடம்னு என் கட்சி, மலை அங்க மலன்னு ஆகலியா. இங்கிலீசுக்காரன் சொல்ற 'ஃபாண்டனெல்'ங்கற பேருக்கும் பிரெஞ்சுல சின்ன ஊற்றுன்னு அர்த்தம், ஊறுறதும் துடிக்கிறதும் ஒண்ணுதானே

பாலக்காட்டு மாமி:
எங்காத்துல நெறுகைன்னுதான் சொல்லுவோம். குளிப்பாட்டினப்பறம் அங்கதான் ராஸ்னாதிப் பொடி ஒரு சிட்டிகை தேய்க்கணும், இப்பல்லாம் யாரு செய்யறா.

டாக்டர் தம்பி:
பொடி இருக்கட்டும் மாமி. துடிக்கறது சாதாரணமாவே தெரியும் புலவரய்யா, பயப்பட வேண்டாம். அழாம இருக்கும்போதும் புடைச்சு விம்மி நின்னா, கூடவே காய்ச்சலும் இருந்தா அதுதான் பயம், மூளைக்காய்ச்சலா இருக்கலாம், அதையும் நோட்டீஸ்ல சேருங்கக்கா. முன்பக்கம் சாய்சதுரமா இருக்கறது பெரும்பாலும் 12-18 மாசத்துல மூடும். பின்னால முக்கோணமா இன்னொண்ணு, 2-3 மாசத்துல மூடிரும், அது பிடரிப் பக்கம், அதை உச்சின்னா எப்படி? பொறக்கறப்ப மொத்தம் 6 இருக்கு, மத்த 4 பக்கவாட்டுல.

கோயமுத்தூர் ஐடி தம்பி:
அப்ப பதப்புன்னே விட்டுடலாம்.

சித்தூர் புலவர்:
ஐகாரத்தோட எழுதினா எனக்குச் சம்மதம்.

கொழிஞ்சாம்பாறை நர்ஸ்:
பதைப்புன்னா பதறிப் போயிருவாங்கய்யா. மணி பதினொண்ணரை ஆச்சு. உச்சிக்குழின்னே போடறேன், 'குழிஞ்சா'வை எடுத்துட்டு "எப்பவும் இருக்கறதை விடப் பள்ளமா உள்ள இழுத்தாப்ல இருந்தா"ன்னு மாத்திட்டேன். படமும் வெச்சாச்சு. மாமி, நீங்களும் சரிங்கறீங்களா?

பாலக்காட்டு மாமி:
போடும்மா, தூக்கம் வரது.

சித்தூர் புலவர்:
போடுங்க, தடுக்கல. ஆனா 6ல 4 பக்கவாட்டுலன்னா அதெல்லாம் உச்சியாகாது, என் மெல்லுச்சியும் உதவாது. எலும்புக்கு எலும்பு எடைவெளிதானே, என்பு, இடை, என்பிடைன்னு ஒண்ணு தோணுது, யாராச்சும் முழிச்சிருக்கீங்களா?