எஃப்-35 வந்த பிறகும் க்ரௌலர் எதற்கு?

கடற்காகம்:
எஃப்-35சி போர் விமானம் ரேடாரில் லேசில் சிக்காது என்கிறார்கள். பிறகு ஏன் அமெரிக்கக் கடற்படை தன் விமானந்தாங்கிக் கப்பல்களில் எதிரி ரேடார்களை ரேடியோ இரைச்சலால் குழப்பும் (ஜாம் செய்யும்) இஏ-18ஜி க்ரௌலர் விமானத்தையும் ஏற்றிக்கொண்டு போகிறது? ஜாம் செய்தால் ரேடார் முழுக் குருடாகிவிடுமா?

அலைநீளம்:
குருடாகாது, பார்வை சுருங்கும். ரேடார் அலை போய்த் திரும்ப வேண்டும்; அதனால் எதிரொலி தூரத்தின் நான்காம் படியில் தேயும். தாக்கவரும் விமானம் பாதித் தூரம் நெருங்கினால் எதிரொலி 16 மடங்கு ஏறும். பின்னால் வட்டமடிக்கும் க்ரௌலரின் இரைச்சலோ அப்படியே இருக்கும். எதிரொலி இரைச்சலை மீறும் தூரத்தைத்தான் 'பர்ன்-த்ரூ' என்கிறோம். அதற்கு வெளியே நின்றே குண்டை விட முடியுமா என்பதுதான் திட்டமிடுபவர்களின் கவலை.

எஃப்-35 கணக்கும் இதேதான். எதிரொலிப் பரப்பை (ரேடாருக்கு விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்ற அளவை) 16-இல் ஒரு பங்காக்கினாலும், பிடிபடும் தூரம் பாதியாகத்தான் குறையும். ஜாமிங்கும் சேர்ந்தால் அந்தப் பாதி இன்னும் சுருங்கும். போதாததற்கு, மீட்டர் அலைநீள விஎச்எஃப் ரேடார்களிடம் ஸ்டெல்த் வடிவம் (ரேடாருக்குச் சிக்காதபடி அமைத்த உடல்) அவ்வளவாக எடுபடாது. வால் போன்ற பாகங்கள் அலைநீளத்தோடு ஒப்பிடும் அளவில்தான் இருக்கின்றன.

ராடோம்:
வன்பொருள் பக்கம் கொஞ்சம். க்ரௌலருக்கு அடிப்படை எஃப்/ஏ-18எஃப் போர் விமானம். மூக்கிலிருந்த 20 மி.மீ. பீரங்கியை எடுத்துவிட்டு மின்னணுப் பெட்டிகளை வைத்தார்கள். இறக்கை நுனியில் சைட்வைண்டர் ஏவுகணை தொங்கும் இடத்தில், எதிரி ரேடார் அலைகளைக் கேட்கும் ஏஎல்கியூ-218 ரிசீவர். வழக்கமான சுமை: ஏஎல்கியூ-99 பாட் (வெளியே தொங்கும் ஜாமர் கூடு) மூன்று, எரிபொருள் டேங்க் இரண்டு, விமானங்களைத் தாக்கும் ஆம்ராம் ஏவுகணை இரண்டு, ரேடார்களைத் தாக்கும் ஹார்ம் ஏவுகணை இரண்டு. பாட் மூக்கில் சுற்றும் குட்டி விசிறிதான் அதற்கு மின்சாரம் தருவது.

இந்த 99, க்ரௌலருக்கு முந்தைய ஜாமர் விமானமான ப்ரௌலர் காலத்துச் சரக்கு. இழுவை அதிகம், பழுதும் அதிகம், சொந்த விமானத்தின் ரேடாரிலேயே குறுக்கிடும். அதற்கு மாற்றாக, நடு அலைவரிசைக்கான ஏஎல்கியூ-249 பாட், 2024 டிசம்பரில் பயன்பாட்டுக்குத் தயார் என அறிவிக்கப்பட்டது.

கடற்காகம்:
இப்படி இரைந்தால் தான் இருக்கும் இடத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிடாதா?

அலைநீளம்:
காட்டிக்கொடுக்கும். ஜாமரின் அலையையே பிடித்து வரும் ஏவுகணைகள் உண்டு. அதனால்தான் கண்டபடி இரைவதில்லை: முதலில் 218 கேட்கும், எந்த ரேடார் எந்த அலைவரிசையில் என்று தெரிந்த பிறகே பாட் பேசும். ப்ரௌலரில் விமானி போக மூன்று பேர் பார்த்த வேலை இது. க்ரௌலரில் பின்சீட்டுக்காரர் ஒருவர்தான்.