புதுப்பிப்பு: பிளைவுட் தட்டுகளின் மூலை பொருந்தாததற்குக் காரணம் மூலமட்டம்

மூலமட்டம் (செங்கோணம் பார்க்கும் L வடிவக் கருவி) வைத்துக் கோடு போட்டு அறுத்தும் அலமாரித் தட்டுகளின் மூலை பொருந்தவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மட்டத்தைப் புரட்டிப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. மட்டத்தைப் பலகையின் விளிம்போடு ஒட்டி வைத்து ஒரே புள்ளியிலிருந்து ஒரு கோடு, அப்புறம் மட்டத்தைப் புரட்டி வைத்து இன்னொன்று. 20 செ.மீ. தள்ளி இரண்டுக்கும் நடுவே 2 மி.மீ. விலகல். அதில் பாதிதான் மட்டத்தின் பிழை, அதாவது 1 மி.மீ.

எதிர்பாராதது ஒன்று: முதல் தடவை தப்பான கணக்கு வந்தது. பலகையின் விளிம்பே நேராக இல்லை! இழைப்புளி போட்டு நேராக்கிய பிறகே சோதனையை நம்ப முடிந்தது. தேடி வருபவர்கள் இதை முதலில் பாருங்கள்.

புது மட்டம் வாங்கியாயிற்று, கடையிலேயே புரட்டிப் பார்த்து. பென்சிலுக்குப் பதில் கத்தியால் கீறியதில் பிளைவுட்டின் மேல்தோலும் சிலும்பவில்லை.